காரணம் கேட்ட பெட்டி

டில்லியில், எங்கள் தலைமை அலுவலகத்தில், ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், நான் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் எட்டிப் பார்த்து என் பிரவுசரை மூடிவிடுகிறார் என்று நான் நம்பினேன். ஐம்பதை நெருங்கும் வயது, மத்திய அரசில் நீண்ட சர்வீஸ், இரண்டு பட்டம், ஒரு மூக்குக் கண்ணாடி. இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வாரம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில், டில்லியில் இருக்கும் எங்கள் இடமாற்றப் பிரிவைக் கல்யாணத் தரகரோடு ஒப்பிட்டு ஒரு ஜோக் போட்டிருந்தேன். இரண்டு பேருமே ஜாதகம் பார்க்காமல் கட்டிவைத்து அனுப்புகிறவர்கள் என்று. பத்துப் பதினைந்து பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். இடமாற்றப் பிரிவின் மேலதிகாரி மட்டும் எதுவும் போடவில்லை. அவர் அதைப் படித்துவிட்டார் என்பதற்கான நீல டிக் இருந்தது. அந்த நீலத்தை நான் ஒரு வாரமாக மனதில் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருடமும் மாற்றலுக்குரியவர்கள், எந்த ஊருக்குப் போக விருப்பம், அல்லது ஏன் போக முடியாது என்பதை அலுவலக இணையதளத்தில் எழுதிப் பதிய வேண்டும். கொல்கத்தாவில் எனக்கான வருடங்கள் முடிந்துவிட்டன. அடுத்தது மும்பை என்று கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஆபீசில் டீ கொண்டுவருபவர் வரைக்கும் சொல்லிவிட்டார்கள். போகலாம், போனால் என்ன. ஆனால் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஏப்ரலில் பன்னிரண்டு. இரண்டாம் வயதிலிருந்து இந்த ஊரில் வளர்ந்தவள். பள்ளியில் இரண்டாம் மொழி வங்காளம். பொதுத்தேர்வு வருடத்தில் அவளைப் பிடுங்கி மும்பையில் நட முடியாது. நான் மட்டும் போனால் வீடு இரண்டாகும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் ஒரு வருடம் இங்கேயே இருக்க அனுமதி கேட்கலாம் என்று விதி இருக்கிறது. கேட்கவேண்டிய கடைசி நாள் அன்றைக்கு. மாலை ஆறு மணி வரை.

அவ்வளவு முக்கியமான வேலையை ஏன் கடைசி நாள் வரை வைத்திருந்தீர்கள் என்று கேட்பவர்கள் அரசாங்க உத்தியோகம் பார்த்திராதவர்கள். எங்களுக்குக் கடைசித் தேதி என்பது ஆரம்பிக்கவேண்டிய தேதி.

காலையில் காபியோடு உட்கார்ந்தேன். உள்ளே நுழைந்தேன். பெயர், பதவி, சேர்ந்த தேதி எல்லாம் ஒழுங்காக வந்தன. கீழே வந்தால் பெரிய வெள்ளைப் பெட்டி. மேலே ‘காரணம்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அதற்குள் கிளிக் செய்து ஒரு எழுத்தைத் தட்டினேன். திரை வெளுத்தது. சுட்டி வளையமாகச் சுற்றியது. பிரவுசர் காணாமல் போயிற்று. பின்னால் இருந்த எங்கள் பூரி கடற்கரைப் படம் மட்டும் தெரிந்தது. அதில் நான் பனியனோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி திறந்தேன். மறுபடி எல்லாம் ஒழுங்கு. மறுபடி பெட்டி. மறுபடி கடற்கரை.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்துப் போட்டேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். வேறு நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன். அது ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மற்ற எல்லா இடத்திலும் என்னை அனுமதித்துவிட்டு, காரணம் சொல்லப் போகும்போது மட்டும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. என்னைக் காரணம் சொல்லவிடாமல் தடுக்க உலகத்தில் யாருக்கு அக்கறை இருக்கும்? நீல டிக் போட்டவருக்கு.

இந்த முடிவுக்கு வந்ததும் முதலில் செய்தது, மனைவியின் அலமாரியைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லேப்டாப்பின் கேமரா மேல் ஒட்டியது. மெரூன் கலர். இரண்டாவதாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். அவள் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். எதையும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவலைப்படுவாள்.

“என்னங்க இது, லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க?”

“மெதுவாப் பேசு. பாத்துகிட்டிருக்காங்க.”

“யாரு?”

டில்லி இருக்கும் திசையைக் கண்ணால் காட்டினேன். அந்தத் திசையில் எங்கள் ஃபிரிட்ஜ் இருந்தது. அவள் ஃபிரிட்ஜைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“டில்லில உங்கள விட்டா வேற வேலையே இல்லையா? நம்ம சம்பளப் பாக்கியக் கேட்டு எழுதினா வருஷக் கணக்கா பதில் போடாதவங்க, ஞாயித்துக்கிழமையா உக்காந்து உங்க பிரவுசர மூடப் போறாங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் பயத்தில் இருப்பவனுக்கு நியாயம் எரிச்சலைத்தான் கொடுக்கும். “உனக்கு ஆபீஸ் அரசியல் தெரியாது” என்றேன்.

“எனக்குத் தெரியாது. அந்தப் பொட்டு பாக்கெட்டுல கடைசிப் பொட்டு. அது எனக்குத் தெரியும்.”

அடுத்து, யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, பிரவுசரின் பழைய நினைவுகளையெல்லாம் அழித்தேன். எல்லாவற்றையும் அழி என்ற பொத்தானை, எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று நினைக்காமல் அழுத்தினேன். பாஸ்வேர்டுகள் போயின. பாங்க், கரண்ட் பில், ரயில் டிக்கெட், மகளின் பள்ளிக் கணக்கு, எல்லாம். அலுவலகத் தளத்தின் பாஸ்வேர்டை மறந்தவன் என்று ஒப்புக்கொண்டு, ஃபோனில் வந்த எண்ணைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துப் போட்டு, புதுப் பாஸ்வேர்டு வைத்து, திரும்ப உள்ளே போய், பெட்டியைத் தொட்டேன். கடற்கரை. பனியன்.

இன்னொரு பிரவுசரில் திறந்தால், எங்கள் தளம் இதில் வேலை செய்யாது, அதிலேயே வா என்று அறிவிப்பு வந்தது. ஃபோனில் திறந்தால் எல்லாம் எழுத முடிந்தது. ‘சமர்ப்பி’ என்ற பொத்தான் மட்டும் திரைக்கு வெளியே எங்கோ கிடந்தது. அதன் ஓரம் ஒரு நூலளவு தெரிந்தது. அந்த நூலை விரல் நகத்தால் நான் சுரண்டிய சுரண்டலில் திரையின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் உரிந்துவந்தது.

இந்த இடத்தில் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். அன்று சரஸ்வதி பூஜை. வங்காளத்தில் இந்தப் பூஜை தை, மாசியில் வரும். பெண் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், புஷ்பாஞ்சலி செய்து, கிச்சடி சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அன்றைக்குப் பாடப் புத்தகத்தையும் பேனாவையும் தொடக்கூடாது. எல்லாம் அம்மன் காலடியில் இருக்கவேண்டும். இந்த விதியைக் கொல்கத்தாவின் பிள்ளைகள் கடைப்பிடிப்பது போல் வேறு எந்த விதியையும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

“கண்ணு, இத ஒரு நிமிஷம் பாரேன். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “ஆஜ்கே நா, அப்பா. இன்னிக்கு லேப்டாப் தொட மாட்டேன். நான் அதுலதான படிக்கிறேன்? அதுவும் புக்தான்.”

“நம்ம சரஸ்வதி பூஜை அக்டோபர்லயே முடிஞ்சாச்சு. அன்னிக்கு வெச்சு, மறுநாள் எடுத்தும் ஆச்சு.”

“அது உங்க சரஸ்வதி.”

“ரெண்டும் ஒரே ஆளுதான்.”

“அப்ப ரெண்டு தடவையும் லீவு குடுக்கணும்ல?”

சட்டம் படிக்கவைக்கலாம் என்று தோன்றியது. அதற்கு முதலில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவேண்டும். அதற்கு அந்தப் பெட்டி திறக்கவேண்டும்.

“இது போகலேன்னா மும்பை” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே ஒலிபெருக்கியில் யாரோ தெரு முழுவதையும் பிரசாதத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மெல்லிய குரலில், “பாங்க்ளா பேப்பர அங்க யாரு நடத்துவாங்க? புதுசா எந்த மொழியப் படிக்கிறது, ஒரு வருஷத்துல?” என்று கேட்டாள். பிறகு, “நீங்க ட்ரை பண்ணுங்க பாபா” என்றாள். ஏதாவது பெரிதாக வேண்டும் என்றால்தான் அவள் வாயில் அப்பா பாபாவாக மாறும். கையை மட்டும் முதுகிலிருந்து எடுக்கவில்லை.

அதுவரை நான் கோமாளித்தனமாகப் பயந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உண்மையாகவே பயந்தேன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினேன். அந்த வீட்டம்மாவை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம். அண்ணி என்று அர்த்தம். இந்த ஊரில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் யாருக்காவது அண்ணிதான். அவர்கள் வீட்டில் புத்தம் புது லேப்டாப் இருப்பது எனக்குத் தெரியும். பௌதி கதவைத் திறந்து, நான் வாய் திறப்பதற்குள் கையில் இலந்தைப் பழத்தைத் திணித்தார்.

“பௌதி, உங்க லேப்டாப் அரை மணி நேரம் வேணும். ரொம்ப அவசரம்.”

அவர் கூடத்தின் மூலையைக் காட்டினார். வெள்ளைப் புடவையில் சரஸ்வதி, கையில் வீணை, பக்கத்தில் அன்னம். காலடியில் பையனின் பொறியியல் புத்தகங்கள், பேனாக்கள், ஒரு தபலா, அவற்றுக்கு நடுவே லேப்டாப். மூடி மேல் பலாசப் பூவும் குங்குமமும். சார்ஜர் உட்பட சமர்ப்பணம்.

“மா-வோட காலடில வெச்சாச்சே, தாதா. நாளைக்குக் காலைல பூஜை முடிஞ்சுதான் எடுக்க முடியும்” என்றார் வங்காளத்தில். தாதா என்றால் இங்கே அண்ணன். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி, “வேணும்னா நீங்களே மா-கிட்ட கேட்டுப் பாருங்க” என்றார்.

நான் நின்று பார்த்தேன். கேட்கலாமா என்று ஒரு கணம் உண்மையிலேயே யோசித்தேன். அன்னத்தின் பார்வை சரியில்லை. வந்துவிட்டேன்.

கரியாஹாட் முனையில் ஒரு சைபர் கடை உண்டு. ஆதார் திருத்தம், பான் கார்டு, ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் போட்டோ என்று எல்லாம் செய்து தருகிற இடம். ஆட்டோவில் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே வெளிச்சம். அப்பாடா என்று நுழைந்தேன். கடைக்காரர் தன் எல்லாக் கணினிகளின் விசைப்பலகைகளையும் கழற்றி, விறகு அடுக்குவது போல ஒரு சின்ன சரஸ்வதி முன்னால் அடுக்கி வைத்திருந்தார். மானிட்டர்களுக்குச் சாமந்தி மாலை. பிரிண்டருக்குத் தனியாக ஒரு மாலை.

“தாதா, ஒரே ஒரு ஃபார்ம்” என்றேன்.

“ஆஜ் ஹோபே நா” என்றார். இன்றைக்கு ஆகாது. சொன்ன குரலில் ஒரு திருப்தி இருந்தது. வருடம் முழுக்க அவசரம் அவசரம் என்று வருகிறவர்களிடம் ஒரு நாளாவது அதைச் சொல்லக் கிடைக்கிறதல்லவா. “வந்தீங்கள்ல, பிரசாதம் சாப்டுட்டுப் போங்க.”

மறுக்கத்தான் நினைத்தேன். இலைத் தொன்னையில் கிச்சடியும் காய்கறிக் கூட்டும் வந்துவிட்டன. மகளின் படிப்பு ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்க, நான் மாலை போட்ட மானிட்டருக்குப் பக்கத்தில் நின்று கிச்சடி சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றார். போட்டுக்கொண்டேன். பயம் வந்தால் பசி போய்விடும் என்று சொல்கிறவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது சாயங்கால வெயில் போய்க்கொண்டிருந்தது. மனைவி லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அவளும் முயன்று பார்த்திருக்கிறாள். “அந்தப் பெரிய பெட்டில எழுதினா மட்டும்தான் மூடிக்குது. மத்ததெல்லாம் ஒண்ணும் ஆகல. உங்க ஆபீஸ்ல யாருக்காவது ஃபோன் பண்ணுங்க. டில்லிக்கு இல்ல.”

ஹவுராவில் குடியிருக்கும் என் சக ஊழியரைக் கூப்பிட்டேன். நாகர்கோவில்காரர், என்னைவிட இளையவர், கம்ப்யூட்டரில் கை தேர்ந்தவர் என்று பெயர். அவருக்கும் லேப்டாப் உண்டு. ஆனால் கங்கையைத் தாண்டி ஹவுராவுக்குப் போக, பூஜை நெரிசலில், நேரமில்லை. மனைவியும் மகளும் கேட்கட்டும் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். இந்தக் கதையில் நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “சார், இன்காக்னிட்டோல போட்டுப் பாத்தீங்களா?”

இன்காக்னிட்டோ என்பது பிரவுசரின் கறுப்பு ஜன்னல். அதில் பார்ப்பது எதுவும் வரலாற்றில் பதியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். காலையிலேயே ஞாபகமும் வந்தது. ஆனால் மனைவியையும் பதினாறு வயது மகளையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, அது எனக்குத் தெரியும் என்று ஒரு குடும்பஸ்தன் எப்படிக் காட்டிக்கொள்வான்?

“அது என்னது?” என்றேன். குரலில் அப்பாவித்தனம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

“அதான் சார், அந்தக் கறுப்பு விண்டோ.”

“கறுப்பா? நம்ம லேப்டாப்புல அதெல்லாம் இருக்கான்னு தெரியலையே.”

“என்ன சார் இப்பிடிக் கேக்கிய? அன்னிக்கு கேன்டீன்ல வெச்சு நீங்கதான எனக்கே சொல்லித் தந்திய? கன்ட்ரோல், ஷிஃப்ட், என்-னு?”

தெருவில் ஒலிபெருக்கிகூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்றாள் மனைவி.

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு, “தூர்” என்றாள். சீ, போங்க என்பதற்கு வங்காளத்தில் அப்படித்தான்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு வாக்குமூலம் கொடுத்துவிடுகிறேன், வீட்டில் கொடுத்தால் எடுபடாது. அந்தக் கறுப்பு ஜன்னலில் நான் தேடிய மிக மோசமான விஷயம் ‘இடது தோளில் வலி வந்தால் இதயமா’ என்பது. அதற்கடுத்தது, ‘வாயு என்றால் எவ்வளவு நேரத்தில் தெரியும்’. மனைவி பார்த்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள் என்றுதான் மறைவாகத் தேடினேன். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்பமாட்டேன்.

மூன்று விசையையும் அழுத்தினேன். விரல்கள் யோசிக்காமல் அந்த இடங்களுக்குப் போனதை இருவரும் பார்த்தார்கள். கறுப்பு ஜன்னல் திறந்தது. மறுபடி பெயர், பாஸ்வேர்டு, ஃபோனில் வந்த எண். கீழே பெட்டி. அதற்குள் கிளிக் செய்து ஒரு எழுத்தைத் தட்டினேன். எழுத்து விழுந்தது. அப்படியே நின்றது. பின்னால் கடற்கரை தெரியவில்லை.

நேரம் கொஞ்சம்தான் இருந்தது. நான் மனதில் தயார் செய்து வைத்திருந்த காரணம் நீளமானது. சேவை, அர்ப்பணிப்பு, மனிதாபிமானம் எல்லாம் வரும். ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வேணாம்” என்றாள் மனைவி. “மகள் பன்னிரண்டாம் வகுப்பு போறா, பொதுத்தேர்வை இங்கயே எழுதணும், ஒரு வருஷம் வேணும். அவ்வளவுதான். எழுதுங்க.”

எழுதினேன். மகள் எனக்குப் பின்னால் நின்று, கையை முதுகில் கட்டியபடியே, முகவாயால் சுட்டிக்காட்டி, “அந்த ஸ்பெல்லிங் தப்பு” என்றாள். திருத்தினேன். ‘சமர்ப்பி’ முழுப் பொத்தானாக, அகலமாக, பச்சையாக இருந்தது. அழுத்தினேன். பெற்றுக்கொண்டோம் என்று வந்தது. மூன்று பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். பிறகு மனைவி ஃபோனில் படம் எடுத்தாள், பிரவுசர் மனதை மாற்றிக்கொள்வதற்குள்.

மார்ச்சில் பட்டியல் வந்தது. மும்பைக்குப் போகிறவர்கள் வரிசையில் நான் இல்லை. ஒரு வருடம், இதே ஊர், இதே நாற்காலி. மகள் அன்றைக்கு வங்காளத்தில் யாரிடமோ ஃபோனில் கத்திப் பேசிக்கொண்டே மாடிக்கு ஓடினாள். எனக்கு அதில் பாதிதான் புரிந்தது.

பிரவுசர் விஷயம் பூஜைக்கு மறுநாள் காலையே தெரிந்துவிட்டது. மகள் லேப்டாப்பைத் தொடலாம் என்று ஆனதும் உட்கார்ந்து பார்த்தாள். பிரவுசருக்குள் மூன்று தட்டச்சுக் கருவிகள் இருந்தன. தமிழ்ச் சங்கத்துக்கு அறிக்கை தட்டுவதற்காக மனைவி போட்ட தமிழ்க் கருவி. பள்ளி புராஜெக்டுக்காக மகள் போட்ட வங்காளக் கருவி. ஆபீஸில் இந்திப் பயிலரங்கில் இதே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தபோது, அதிகாரி பார்க்கிறாரே என்று நான் போட்டுக்கொண்டு, பிறகு ஒரு வார்த்தைகூட எழுதாத இந்திக் கருவி. பெரிய எழுத்துப் பெட்டி எங்கே வந்தாலும் மூன்றும் தாமாக விழித்துக்கொள்ளும். நான் ஒரு எழுத்தைத் தட்டினால் ஒன்று அதைத் தன் மொழிக்கு மாற்றும், அதை அடுத்தது மாற்றும், அதை மூன்றாவது மாற்றும், திரும்பவும் முதலிலிருந்து. லேப்டாப் பழையது, நினைவகம் நிரம்பி பிரவுசர் மூடிக்கொள்ளும். கறுப்பு ஜன்னலில் இந்த மாதிரிக் கருவிகள் வேலை செய்யாது. முதல் இரண்டும் ஒரு வருடமாகச் சண்டையில்லாமல்தான் இருந்தன. மூன்றாவதைச் சேர்த்தது பூஜைக்கு முந்தைய வாரம், நான்.